'பாக்' என்றால் வெறும் சேறா? ஓர் ஆங்கிலச் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்துக் கதைகளை மொழிபெயர்க்கிறவர்கள் கட்டாயம் இடறி விழும் சொல் 'பாக்'. ஆங்கிலம்-தமிழ் அகராதி 'சதுப்பு நிலம், சேற்று நிலம்' என்று சொல்லி முடித்துக்கொள்ளும். எனக்கும் பல ஆண்டுகள் அதுவே போதுமானதாக இருந்தது. ஒருமுறை ஒரு கதையில், அயர்லாந்துக் கிழவர் ஒருவர் கதவைத் திறந்து வானத்தைப் பார்த்து 'மென்மையான நாள்' என்கிறார். நான் 'இனிய நாள்' என்று எழுதினேன். அடுத்த பத்தியில் அவர் நனைந்த தொப்பியைப் பிழிகிறார். அந்தத் தொப்பியிலிருந்துதான் இந்தச் சொல்லைத் தேடிப் போக ஆரம்பித்தேன். அதன் பிறகு நண்பர்களும் வாசகர்களும் என்னிடம் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

சொல்லை எப்படி உச்சரிப்பது?

ஆங்கிலத்தில் நாயை 'டாக்' என்கிறோம் அல்லவா? அதன் முதல் ஒலியை மாற்றினால் போதும். 'பட்டன்', 'பஸ்' ஆகியவற்றில் வரும் அழுத்தமான 'ப'. இறுதி ஒலி 'அக்கா'வில் வரும் 'க்' அன்று, 'தங்கை'யில் வரும் மெல்லிய ககரம்.

பொருள் சதுப்பு நிலம்தானே? தனியாக ஏன் ஒரு சொல்?

நீர் தேங்கி, கால் வைத்தால் உள்வாங்கும் நிலத்தை நாம் பொதுவாகச் சதுப்பு என்கிறோம். ஆங்கிலம் அதைப் பிரித்துப் பிரித்துப் பெயரிடுகிறது. மரங்கள் நிற்கும் சதுப்பு 'ஸ்வாம்ப்'. கோரையும் நாணலும் மண்டியது 'மார்ஷ்'. நிலத்தடி ஊற்றிலிருந்தோ பக்கத்து நிலத்திலிருந்தோ நீர் பெறுவது 'ஃபென்'. இந்த மூன்றும் இல்லாமல், முழுக்க முழுக்க மழையை மட்டும் குடித்து வளர்வது 'பாக்'. பேச்சுவழக்கில் ஆங்கிலேயர்களே இவற்றைக் கலந்தடித்துத்தான் பேசுவார்கள். தாவரவியலாளர் மட்டும் பல்லைக் கடிப்பார்.

வளர்வது என்று தெரிந்தேதான் எழுதினேன். ஸ்ஃபேக்னம் என்ற பாசி, தன் உலர் எடையைப்போல் இருபது மடங்குவரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேல்நுனி பசுமையாக வளர, அடிப்பகுதி மடியும். மடிந்தது மட்காது. நீரில் அமிலம், உள்ளே ஆக்சிஜன் இல்லை, போதாக்குறைக்குக் குளிர். மட்க வேண்டியது மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, பழுப்பும் கறுப்புமாக அழுந்திக் கிடக்கும். அதுதான் பீட். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் ஏறும். எனவே இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு 'பாக்'கை வெட்டிப் பார்த்தால் அடியில் இருப்பது கிறிஸ்து பிறந்த காலத்தைத் தொடும் அல்லது அதையும் தாண்டும்.

சொல் எங்கிருந்து வந்தது?

அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளின் கேலிக் மொழிகளிலிருந்து. அங்கே 'பொக்' என்பது பெயரடை. பொருள், மென்மையான. அதோடு ஒரு விகுதி சேர்த்து 'பொகக்' என்றால் மென்மையான இடம், அதாவது காலை வைத்தால் கொடுத்துப்போகும் நிலம். அந்தக் கடைசி ஒலி தொண்டையில் உரசி வர வேண்டும். ஆங்கிலேயர் நாக்குக்கு அது வராததாலோ என்னவோ விகுதியைக் கழற்றிவிட்டு, பெயரடையை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே பெயர்ச்சொல்லாக்கிவிட்டார்கள். எழுத்தில் அது இடம்பெறத் தொடங்கியது 1500ஐ ஒட்டிய காலத்தில்.

இன்னும் பின்னால் போனால், 'வளையக்கூடிய' என்ற பொருளுள்ள பழைய கெல்டிக் வேரொன்றைச் சொற்பிறப்பியலாளர்கள் காட்டுகிறார்கள். அது இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் 'வளை' என்னும் பொருள் தரும் வேரோடு சேர்கிறது. அந்தக் கணக்கில், வில்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'போ' என்பதும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

நான் சொல்ல வருவது இதுதான்: இந்தச் சொல்லின் கருவில் அழுக்கும் இல்லை, அருவருப்பும் இல்லை. மென்மைதான் இருக்கிறது. அழுக்கு பிறகு பூசப்பட்டது.

அப்படியானால் அயர்லாந்துக்காரர்கள் தங்கள் மொழியிலும் அதை 'பாக்' என்றுதான் சொல்கிறார்களா?

இல்லை, வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. ஐரிஷ் மொழி பேசுபவர் பீட் வெட்டும் அந்த நிலத்தைப் பெரும்பாலும் 'பொர்தக்' என்பார். பீட்டுக்கு 'மோன்' என்று பெயர். 'பொகக்' என்பது பொதுவாக ஈரமான, மெத்தென்ற தரை. இரவல் வாங்கியவர் வீட்டில் அரியணை ஏறிய சொல், பிறந்த வீட்டில் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் 'பொக்' என்ற பெயரடை அங்கே நன்றாகவே வாழ்கிறது. அரைவேக்காடாக அவித்த முட்டைக்கு அது உண்டு. பதற்றப்படுகிறவரிடம் 'மெல்ல எடுத்துக்கொள்' என்று சொல்ல அது உண்டு. தூறலும் மூடுபனியுமாக இருக்கும் நாளுக்கு 'லா பொக்' என்பார்கள், நேர்ப்பொருள் மென்மையான நாள். அயர்லாந்துக்காரர் ஆங்கிலம் பேசும்போதும் அதை அப்படியே பெயர்த்துத்தான் சொல்வார். என் கிழவரின் தொப்பி நனைந்தது அப்படித்தான். நம்மூரில் ஐப்பசித் தூறலைப் பார்த்து 'மந்தாரமாக இருக்கிறது' என்போமே, ஏறக்குறைய அது. ஆனால் அவர்கள் குரலில் குறையே இருக்காது. கொட்டாமல் தூறுகிறதே என்ற நன்றிதான் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கணினி மென்பொருளுக்கு ஐரிஷ் மொழியில் 'பொகாரி' என்று பெயர். 'பொக்' மென்மை, 'ஆரி' சரக்குகள். நாம் மென்பொருள் என்று கட்டினோமே, அதே கட்டுமானம். வன்பொருளுக்கும் அவ்வாறே 'கடினச் சரக்கு' என்று வைத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல் ஒன்றைத் தமிழரும் ஐரிஷ்காரரும் தனித்தனியாகப் பெயர்த்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் கிடந்த பெயரடையைத் தூசு தட்டி மடிக்கணினிக்குள் போட்டதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

'பொக்' என்பது தமிழ்ப் 'பொக்கை'யிலிருந்து போயிருக்குமா?

இல்லை. 'பொதபொத' என்பதிலிருந்தும் இல்லை. ஒலி ஒத்துப்போவது உறவுக்குச் சான்று ஆகாது.

இதை ஏன் வசையாகவும் பயன்படுத்துகிறார்கள்?

ஆங்கிலேயப் படைகளுக்கு அயர்லாந்தின் 'பாக்' பெருந்தொல்லை. குதிரை இறங்கினால் ஏறாது, பீரங்கி வண்டி அச்சுவரை புதையும். உள்ளூர்க்காரனுக்கோ எங்கே கால் வைத்தால் தாங்கும் என்பது தெரியும். துரத்தினால் அதற்குள் ஓடி மறைந்துவிடுவான். 17ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் நாட்டுப்புறத்தாரைச் சேற்றில் ஓடுகிறவர்கள் என்ற பொருளில் 'பாக்-டிராட்டர்' என்று ஏசினார்கள். பிடிக்க முடியாதவனை ஏசுவது எல்லா ஊர்ப் படைக்கும் உள்ள பழக்கம்.

அதற்கும் முன்பே, 1590களில், ஷேக்ஸ்பியரின் ஆள்மாறாட்ட நகைச்சுவை நாடகமொன்றில் ஒரு வேலைக்காரன் பருத்த சமையல்காரியின் உடலை உலக உருண்டையாக்கி நாடு நாடாகக் கேலி செய்கிறான். அயர்லாந்து எங்கே என்று எசமான் கேட்க, பிட்டத்தில் என்கிறான், 'பாக்'களை வைத்து அடையாளம் கண்டுகொண்டானாம். லண்டன் அரங்கம் சிரித்திருக்கும். இந்த நகைச்சுவை வேலை செய்ய வேண்டுமென்றால், அயர்லாந்து என்றதும் 'பாக்' என்று பார்வையாளர் மனத்தில் தானாகத் தோன்ற வேண்டும். சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்து ஒரு நூற்றாண்டுக்குள் அந்த நிலை வந்துவிட்டது.

பிரிட்டனில் கழிப்பறையையும் 'பாக்' என்கிறார்களே?

ஆம், கொச்சையாக. 17ஆம் நூற்றாண்டிலேயே 'பாக்-ஹவுஸ்' என்ற வழக்கு உண்டு. விருந்துக்குப் போன வீட்டில் இந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். இதே வட்டாரத்தில் 'பாக்-ஸ்டாண்டர்ட்' என்ற தொடரும் உண்டு. எந்தச் சிறப்பும் இல்லாத, வெகு சாதாரணமான என்று பொருள். 2001இல் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரின் செய்தித் தொடர்பாளர் அரசுப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லப்போய் ஆசிரியர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

'போகஸ்' (போலி), 'போகி', 'பாகிள்' என்ற ஆங்கிலச் சொற்கள் இதற்கு உறவா?

எதுவும் உறவில்லை. 'போகஸ்' 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கள்ள நாணயம் அடிக்கும் கருவிக்கு வழங்கிய பெயர். மற்ற இரண்டும் பேய் பிசாசு வகையறா. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவையும் சிலர் இதில் இழுக்கிறார்கள். அது அம்மண்ணின் மொழியிலிருந்து வந்த ஊர்ப்பெயர்.

சேற்று நிலத்துக்கான மற்ற ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

ஆளுக்கொரு திசையிலிருந்து. 'மார்ஷ்' பழைய ஜெர்மானியச் சொல், ஏரியையும் கடலையும் குறிக்கும் 'மியர்' என்பதோடு பிறந்தது. 'ஸ்வாம்ப்' 17ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாவில் குடியேறியவர்களின் எழுத்தில்தான் முதலில் தலைகாட்டுகிறது. கனடாவின் 'மஸ்கெக்' கிரீ பழங்குடி மொழிச் சொல். 'மையர்' வைக்கிங்குகள் கொண்டுவந்தது. அதன் முன்னால், நடுக்கம் என்னும் பொருளுள்ள 'குவேக்' சொல்லின் திரிபு சேர்ந்து 'குவாக்மையர்' ஆயிற்று, நடுங்கும் சேறு. இந்தப் பெயரை வைத்தவர் அந்த நிலத்தின் மேல் நின்றிருக்க வேண்டும். ஆழமான 'பாக்'கின் மேல் ஒருவர் குதித்தால் சில அடி தள்ளி நிற்பவரின் காலுக்கடியிலும் தரை அசையும். கீழே பெரும்பகுதி நீர், மேலே வேர்ப்பின்னல் ஒரு போர்வை, அவ்வளவுதான்.

வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதே நிலத்துக்கு 'மாஸ்' என்று பெயர். பாசிக்கும் அதே சொல்தான். இடமும் அதில் வளர்வதும் ஒரே பெயரில் இருப்பதால் மொழிபெயர்ப்பாளர்கள் தவறு செய்கிறார்கள். 'லிண்டோ மாஸ்' என்பதை 'லிண்டோப் பாசி' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அது ஓர் இடம், அதுவும் சாதாரண இடமில்லை.

அங்கேதான் பழங்காலப் பிணம் கிடைத்ததா?

அங்கேதான். ஆனால் அதற்கு முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். 1983 மே மாதம், மான்செஸ்டருக்குத் தெற்கே செஷயரில் உள்ள லிண்டோ மாஸில் பீட் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு மண்டையோட்டின் பகுதி கிடைத்தது. பெண்ணுடையது என்று தெரிந்தது. பக்கத்தில் குடியிருந்த ஒருவருடைய மனைவி இருபதாண்டுகளுக்கு முன்பு காணாமல் போயிருந்தார். போலீஸ் அவரை விசாரிக்க, தான் மனைவியைக் கொன்று வெட்டி அங்கே புதைத்ததாக ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு மண்டையோட்டை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் கணித்தார்கள். ரோமானியர் பிரிட்டனை ஆண்ட காலத்தது, ஏறக்குறைய 1,700 ஆண்டு பழையது. மனைவியின் உடல் கிடைக்கவே இல்லை. ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே அவருக்குத் தண்டனை விதித்தார்கள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே இடத்தில் ஓர் ஆணின் உடல் கிடைத்தது. 'லிண்டோ மனிதன்' என்று இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பது அது. டென்மார்க்கில் 1950இல் கிடைத்த 'டொலுண்ட் மனிதன்' இன்னும் புகழ்பெற்றவன். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டை ஒட்டியவன். கழுத்தில் தோலால் பின்னிய சுருக்குக் கயிறு, தலையில் ஆட்டுத்தோல் குல்லாய். மூடிய இமைகளும், மோவாயில் சவரம் செய்து ஓரிரு நாள் ஆனதுபோல் முளைத்த முடியும் அப்படியே இருக்கின்றன. பீட் வெட்டியவர்கள் அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீசுக்குத்தான் சொன்னார்கள். வயிற்றில் கடைசியாகக் குடித்த வாற்கோதுமைக் கஞ்சி இருந்தது.

'பாக்' என்பது ஒரு தோல் பதனிடும் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசியிலிருந்து ஊறும் பொருள்கள் தோலைப் பதப்படுத்திப் பழுப்பாக்கிவிடும், அமிலம் எலும்பைக் கரைத்துவிடும். சாதாரணப் புதைகுழியில் நடப்பதற்கு நேர் எதிர்.

வெண்ணெய் கிடைத்தது என்பது உண்மையா, கதையா?

உண்மை. மரப்பாத்திரத்திலோ தோலிலோ பட்டையிலோ பொதிந்து புதைத்த வெண்ணெய்க்கட்டிகள் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. 2016இல் மீத் மாவட்டத்தின் எம்லா என்னும் 'பாக்'கில் பீட் வெட்டியவர் பத்துக் கிலோ அளவுள்ள கட்டியை எடுத்தார். வயது ஏறக்குறைய 2,000 ஆண்டு. குளிர்பதனப் பெட்டியாகப் பயன்படுத்தினார்களா, தெய்வத்துக்குப் படைத்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நான் முதல் கட்சி. ஒளித்து வைத்த இடத்தை மறந்துபோவது மனித இயல்பு.

மக்கள் அங்கே போய் என்னதான் செய்கிறார்கள்?

அயர்லாந்துக்காரர் ஒருவர் 'சிறுவயதில் கோடை முழுவதும் பாக்கில்தான்' என்று சொன்னால், சேற்றில் விளையாடினார் என்று பெயர்த்துவிடாதீர்கள். முதுகு ஒடிய விறகு சேர்த்தார் என்று பொருள். விறகு என்றால் பீட். வெட்டி எடுத்ததை அவர்கள் 'டர்ஃப்' என்பார்கள்.

முதலில் மேலே உள்ள புல்லையும் வேரையும் சீவி எடுக்க வேண்டும். பிறகு 'ஸ்லான்' என்ற ஒடுங்கிய மண்வெட்டி. அதன் பக்கவாட்டில் ஒரு சிறகு நீட்டிக்கொண்டிருக்கும், ஒரே அழுத்தில் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். கறுப்பு அல்வாவைத் துண்டு போடுவதுபோல ஈரக்கட்டி வழுவழுவென்று வெளியே வரும். பள்ளத்தில் நிற்பவர் வெட்டி மேலே எறிய, மேலே நிற்பவர் வாங்கிப் பரப்புவார். புதிதாக வெட்டிய கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மேற்புறம் தோல் கட்டியதும் ஐந்தாறு கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துக் கூம்பாக நிறுத்த வேண்டும், நெல்கட்டை நிறுத்துவதுபோல. சிறுவர்களின் முதுகை ஒடித்தது இந்த வேலைதான். காற்று ஊடே புகுந்து புகுந்து உலர்த்தும். கோடை முடிகையில் கட்டி சுருங்கி, மரத்துண்டாக இறுகியிருக்கும். 'லா பொக்' தொடர்ந்து வந்தால் அந்த ஆண்டு குளிர்காலம் புகையோடுதான்.

இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன. தொழிலும் தேய்ந்துவிட்டது. பீட் எடுப்பதற்கென்றே 1946இல் அமைத்த அரசு நிறுவனமான போர்ட் ந மோனா, பீட் எடுப்பதை நிறுத்துவதாக 2021இல் முறைப்படி அறிவித்தது. உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் மூன்று விழுக்காடுதான். ஆனால் உலகின் காடுகளிலுள்ள மரங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அவற்றுக்குள் கிடக்கிறது. வெட்டினால், வடித்தால், அத்தனையும் காற்றில் கலக்கும். வீட்டுக்கு வெட்டிக்கொள்ளும் உரிமையைப் பறிக்காதே என்று கிராமத்தார் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

'பாக்ட் டவுன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

விவரங்களிலோ வழக்கிலோ சிக்கி நகர முடியாமல் போவது. இந்தத் தொடர் அமெரிக்க ஆங்கிலத்தில் பரவியது. 'முடங்கிப்போனது', 'இழுபறியானது' பெரும்பாலும் போதும். 'சேற்றில் புதைந்தது' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கத் தேவையில்லை.

உருவகமே வேண்டுமென்றால் நம்மிடம் பழைய சரக்கு இருக்கிறது. குறளின் இடனறிதல் அதிகாரத்துக் கடைசிப் பாட்டில் 'காலாழ் களர்' வருகிறது. வேல் வீரரைக் கண்டு அஞ்சாத யானையும், கால் புதையும் அந்த நிலத்தில் மாட்டிக்கொண்டால் நரி கொன்றுவிடும். 'பாக்'குக்குள் இறங்கிய ஆங்கிலேயக் குதிரைப்படையின் கதையும் அதுதான்.

தமிழ்நாட்டில் உண்மையான 'பாக்' உண்டா?

பள்ளிக்கரணை 'பாக்' இல்லை, அது 'மார்ஷ்'. பீட் படிந்த சதுப்பைப் பார்க்க நீலகிரிக்கு ஏற வேண்டும். உதகைக்கு அருகே சாண்டிநல்லா போன்ற பள்ளத்தாக்குகளில், புல்வெளிக்கும் சோலைக்கும் நடுவில், கால் வைத்தால் மெத்தென்று உள்வாங்கும் கறுத்த மண் உண்டு. அந்த பீட் அடுக்குகளில் உள்ள கார்பனை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளில் அங்கே எப்போது ஈரம் கூடியது, எப்போது வறண்டது என்று படித்துச் சொன்ன ஆய்வு 1993இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் இத்தகைய படிவு இருக்கிறது.

அயர்லாந்து அளவுக்கு ஆழமில்லை, வெட்டி எரிக்கும் வழக்கமும் பெரிதாக வளரவில்லை. ஆனால் நீலகிரிச் சதுப்புகளில் மட்டும் செழிக்கும் ஒரு புல் உண்டு. தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய்வது அதைக்கொண்டுதான். சதுப்புகளை வடித்துத் தோட்டமாக்கியதில் இப்போது அந்தப் புல்லைத் தேடி அவர்கள் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது.